67 எடுத்தால் போதுமா? கோத்தகிரி நர்ஸ் ஒருவரின் கனடா பி.ஆர். கணக்கு

விடுமுறைக்குக் கோத்தகிரி வரும்போதெல்லாம், நான் முன்பு வேலை பார்த்த மருத்துவமனையின் நர்ஸ்களில் யாராவது ஒருத்தர் கேட்டுவிடுவார்: "அக்கா, எனக்கு 67 வந்துடுச்சு. கனடா பி.ஆர். கிடைச்சிரும்தானே?" பி.ஆர். என்றால் அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை. இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடிவதில்லை. கேட்பவர்களில் சிலர் அதற்குள் கோயம்புத்தூரில் ஏதாவது ஒரு ஏஜென்சியில் முன்பணமும் கட்டியிருப்பார்கள். அதனால் எங்கள் வீட்டுக் கணக்கை எண்களோடு அப்படியே எழுதிவிடுகிறேன்.

கனடாவில் இரண்டு தனித்தனி மதிப்பெண் முறைகள் இருக்கின்றன. ஒன்று 100க்கு. திறன்மிகு பணியாளராக விண்ணப்பிக்கத் தகுதி இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது இது. இதில்தான் 67 வேண்டும். இன்னொன்று 1200க்கு. சி.ஆர்.எஸ். என்பார்கள். 2015 ஜனவரியில் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற ஆன்லைன் தேர்வு முறை தொடங்கியதிலிருந்து, பி.ஆர்.க்கு விண்ணப்பிக்க யாருக்கு அழைப்பு போகும் என்பதை இந்த இரண்டாவது முறைதான் முடிவு செய்கிறது. பிளஸ் டூவில் 35 எடுத்தால் பாஸ், ஆனால் அந்த 35ஐ வைத்து இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் சீட் வாங்க முடியுமா? அங்கே கட்-ஆஃப் பேசும், அதுவும் நமக்கு மேலே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும். 67க்கும் சி.ஆர்.எஸ்.ஸுக்கும் உள்ள உறவு அதுதான்.

எங்கள் கணக்கைப் பாருங்கள். என் கணவர் தேயிலை ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர், பி.இ. மெக்கானிக்கல், அப்போது வயது 36. நான் எம்.எஸ்ஸி. நர்சிங், வயது 31. இருவருக்குமே ஆறு வருடத்துக்கு மேல் அனுபவம். ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் அவருக்கு நான்கு பிரிவிலும் சி.எல்.பி. (கனடாவின் மொழித்திறன் அளவுகோல்) 8, எனக்கு நான்கிலும் சி.எல்.பி. 9. நாங்கள் விசாரித்த ஏஜென்சியில், பேச்சே இல்லாமல் அவர் பெயரைத்தான் முதன்மை விண்ணப்பதாரராகப் போட்டார்கள். வீட்டிலும் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். 100க்கான கணக்கில் அவருக்கு 72. "67 போதும், உங்களுக்கு அஞ்சு கூடவே இருக்கு, கவலைப்படாதீங்க" என்றார் அங்கிருந்தவர்.

அன்று இரவே கனடா அரசின் இணையதளத்தில் இருக்கும் சி.ஆர்.எஸ். கணக்குக் கருவியைத் திறந்து உட்கார்ந்தேன். இலவசம், பதிவு செய்யக்கூடத் தேவையில்லை. அவரை முதன்மையாகப் போட்டால் வயதுக்கு 65, படிப்புக்கு 112, ஆங்கிலத்துக்கு 88. துணையாக என் படிப்பும் ஆங்கிலமும் சேர்ந்து 30. படிப்பு, அனுபவம் இரண்டையும் ஆங்கிலத்தோடு இணைத்துத் தரும் மதிப்பெண் 38. மொத்தம் 333.

பிறகு என்னை முதன்மையாகப் போட்டேன். வயது 90, படிப்பு 126, ஆங்கிலம் 116, துணையாக அவருக்கு 20, இணைப்பு மதிப்பெண் 100. மொத்தம் 452.

100க்கான முறையில் அவருக்கு 72, எனக்கு 79. ஏழுதான் வித்தியாசம். 1200க்கான முறையில் அதே இரண்டு பேருக்கு நடுவே 119. அதே குடும்பம், அதே சான்றிதழ்கள், அதே சேமிப்பு. யார் பெயர் மேலே இருக்கிறது என்பது மட்டும்தான் மாறியது. கல்யாணமானவர்கள் ஒருவருக்குக்கூடப் பணம் கட்டும் முன் இரண்டு பெயரிலும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் ஆண் பெயரில் விண்ணப்பிப்பதுதான் முறை என்ற எண்ணம் ஆழமாக இருக்கிறது. அந்த எண்ணம் எத்தனை வீடுகளின் வாய்ப்பை அடைத்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தமாக இருக்கிறது. நர்ஸ் மனைவியைத் துணை விண்ணப்பதாரராகப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பவர்களை நேரில் பார்க்கிறேன்.

அந்த இணைப்பு மதிப்பெண் என்கிற 100ஐப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏஜென்சிகள் இதைச் சொல்வதே இல்லை. முதுகலைப் பட்டமும் சி.எல்.பி. 9ம் சேர்ந்தால் 50. மூன்று வருடத்துக்கு மேலான வெளிநாட்டு அனுபவமும் (அவர்களுக்கு இந்தியா வெளிநாடு) சி.எல்.பி. 9ம் சேர்ந்தால் இன்னொரு 50. ஆனால் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்கிலுமே 9 இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று 8க்கு இறங்கினாலும் இரண்டு 50ம் 25 ஆகிவிடும். எனக்கு எழுதுதலில் ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண் 7.0 வந்தது, சி.எல்.பி. கணக்கில் அது 9. அந்த 7.0, 6.5 ஆக இருந்திருந்தால்? எழுதுதலுக்கான நேரடி மதிப்பெண்ணில் 7 போகும், இணைப்பில் 50 போகும். 452 என்பது 395 ஆகியிருக்கும். அரை பேண்டுக்கு 57 மதிப்பெண். வேறு எதைச் செய்தாலும், எத்தனை வருடம் கூடுதலாக உழைத்தாலும், இவ்வளவு சீக்கிரத்தில் இத்தனை மதிப்பெண் ஏறாது. உங்களிடம் இருக்கிற பணத்தையும் நேரத்தையும் முதலில் எங்கே போடுவது என்று கேட்டால், நான் கை காட்டுவது ஆங்கிலத் தேர்வைத்தான்.

தேர்வைப் பற்றிச் சில விஷயங்கள். எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு ஐ.இ.எல்.டி.எஸ். ஜெனரல் டிரெய்னிங்தான் வேண்டும், அகாடெமிக் செல்லாது. இங்கிலாந்துக்கென்று ஓ.இ.டி. (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) எழுதி வைத்திருக்கும் நர்ஸ்கள் நம் பக்கத்தில் நிறைய. அந்தச் சான்றிதழை இங்கே பயன்படுத்த முடியாது. சி.எல்.பி. 9க்குப் படித்தல், எழுதுதல், பேசுதல் மூன்றிலும் 7.0 போதும், ஆனால் கேட்டலில் 8.0 வேண்டும். பலர் நான்கிலும் 7 என்று இலக்கு வைத்துப் படித்துவிட்டுக் கேட்டலில் தவறிவிடுகிறார்கள். 40 கேள்விக்கு 35 வாக்கில் சரியாக இருந்தால்தான் 8 வரும். எழுதுதலில் கடிதம் ஒன்று, கட்டுரை ஒன்று. கட்டுரைக்குத்தான் இரட்டிப்பு மதிப்பு, அதனால் நேரத்தையும் அப்படிப் பிரித்துப் பழக வேண்டும். நான் நைட் டியூட்டி முடிந்து வந்து தூங்கி எழுந்ததும், வேறு எதையும் தொடும் முன் ஒரு கட்டுரை எழுதுவேன். மலைப்பாதையில் பஸ் குறைவது, தோட்ட வேலைக்கு ஆள் கிடைக்காதது, ஹோம்ஸ்டே பெருகுவது என்று தெரிந்த விஷயங்களையே எடுத்துக்கொள்வேன். தெரிந்த விஷயத்தில் கருத்து தேட வேண்டியதில்லை, கவனம் முழுவதும் வாக்கியத்தில் இருக்கும்.

இன்னொன்று, மலையில் இருப்பவர்களுக்கு மட்டும். தேர்வு கோயம்புத்தூரில் என்றால் முந்தின நாளே இறங்கிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டில் எப்போது மண் சரியும், எப்போது மரம் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. கட்டிய தேர்வுக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் ஒரு ராத்திரி லாட்ஜ் வாடகை பெரிதல்ல.

வயது விஷயம் சுருக்கமாக. 20 முதல் 29 வரை முழு மதிப்பெண். 30இலிருந்து 40 வரை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஐந்து, ஆறு என்று குறைந்துகொண்டே வரும், அதன்பின் இன்னும் வேகமாக இறங்கி 45இல் பூஜ்யம். கணவன் அல்லது மனைவியோடு விண்ணப்பிப்பவருக்கு 31இல் 90, 35இல் 70, 40இல் 45. "இன்னும் ரெண்டு வருஷம் அனுபவம் சேர்த்துட்டுப் பண்ணலாம்" என்பவர்களுக்கு நான் சொல்வது, வெளிநாட்டு அனுபவத்துக்கு மூன்று வருடத்துக்கு மேல் போனால் சி.ஆர்.எஸ்.ஸில் எதுவும் ஏறாது. வயது மட்டும் இறங்கும்.

ஆஸ்திரேலியாவும் மதிப்பெண் முறைதான், ஆனால் கணக்கு வேறு. அங்கே குறைந்தபட்சம் 65. 25 முதல் 32 வயது வரை 30 மதிப்பெண், 45 ஆனால் கதவு மூடிவிடும். கல்யாணம் ஆகாதவருக்குத் தனியாக 10 தருகிறார்கள். 2012 ஜூலையிலிருந்து அங்கும் விருப்பத்தைப் பதிவு செய்துவிட்டு அழைப்புக்குக் காத்திருக்கும் முறைதான். அதனால் அங்கும் 65 என்பது வாசல் மட்டுமே.

இப்போது கட்-ஆஃப். இது நிலையான எண் அல்ல என்பதைக் காட்ட மூன்று உதாரணங்கள் போதும். 2021 பிப்ரவரி 13இல் கனடாவிலேயே வேலை செய்த அனுபவம் உள்ளவர்களுக்கான திட்டத்தில் 27,332 பேரை அழைத்தார்கள், கட்-ஆஃப் வெறும் 75. 2024 ஜனவரி 10இல் பொதுவான அழைப்பில் 546. அதே ஆண்டு பிப்ரவரி 29இல் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கான அழைப்பில் 336. இந்த மூன்றில் எதைப் பார்த்து ஒருவர் "எனக்குக் கிடைக்கும்" என்றோ "கிடைக்காது" என்றோ சொல்ல முடியும்? எந்தப் பிரிவில், எந்தக் காலத்தில், உங்களோடு யார் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான்.

தொழில், மொழி என்று பிரிவு வாரியாக அழைப்பது 2023இல்தான் தொடங்கியது. எங்களுக்குக் கைகொடுத்தது அதுதான், 452ஐ வைத்துக்கொண்டு பொது அழைப்பில் நாங்கள் எதிர்பார்க்க ஒன்றுமே இல்லை. 2023 ஜூன் 28இல் சுகாதாரப் பணியாளர்களுக்கு முதல் அழைப்பு வந்தது, கட்-ஆஃப் 476. அடுத்தது ஜூலை 6இல், 463. பதினொரு மதிப்பெண்ணில் போனது. அந்த வாரம் எனக்கு வேலையே ஓடவில்லை. அப்புறம் அக்டோபர் 26இல் ஒரே நாளில் 3,600 பேரை அழைத்தார்கள், கட்-ஆஃப் 431க்கு இறங்கியது. அழைப்பு வந்துவிட்டது. 395 எடுத்திருந்தால் அன்றும் வந்திருக்காது, அடுத்து 2024 பிப்ரவரி 14இல் 422க்கு இறங்கியபோதும் வந்திருக்காது. எழுதுதலில் அந்த அரை பேண்டைப் பற்றி நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

சுகாதாரப் பிரிவில் வர, அந்தத் தொழிலில் சமீப வருடங்களின் அனுபவம் வேண்டும். இங்கே எம்.எஸ்ஸி. படித்தவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நம்மில் பாதிப் பேர் வார்டை விட்டு நர்சிங் கல்லூரியில் டியூட்டராகப் போய்விடுகிறோம். அவர்கள் பார்ப்பது பதவிப் பெயரை அல்ல, தினமும் செய்த வேலையை. வகுப்பெடுத்த வருடங்களை நோயாளியைப் பார்த்த வருடங்களாகக் காட்ட முடியாது. காட்ட முயலவும் வேண்டாம். அனுபவக் கடிதத்தில் சேர்ந்த தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், செய்த வேலைகளின் விவரம் எல்லாம் இருக்க வேண்டும். "இவர் எங்களிடம் பணிபுரிந்தார், நன்னடத்தை உடையவர்" என்ற இரண்டு வரிக் கடிதம் உதவாது. பழைய மருத்துவமனைகளிலிருந்து இதை வாங்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. அழைப்பு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

பெயர் பிரச்சினை நம் தமிழ்க் குடும்பங்களுக்கே உரியது. என் அப்பா சிறு வயதில் தாத்தாவோடு இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று இரண்டு அரசுகளும் முடிவு செய்தன. தாத்தாவுக்கு டேன்டீயில் (தமிழக அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) வேலை கிடைத்தது. அவரிடம் யாரும் மதிப்பெண் கேட்கவில்லை, விருப்பத்தையும் சரியாகக் கேட்கவில்லை. தலைகளை எண்ணிப் பங்கு பிரித்தார்கள். மதிப்பெண் முறையில் எனக்கு ஆயிரம் குறை உண்டு, ஆனால் விதி என்னவென்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள், போவதா வேண்டாமா என்பதை நான் முடிவு செய்ய முடிந்தது. தாத்தாவுக்கு அது கிடைக்கவில்லை. அந்தக் காலக் குடும்ப அட்டையில் அப்பாவின் பெயருக்கு ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கூட்டல், என் பள்ளிச் சான்றிதழில் இன்னொன்று, என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராகிவிட்டது. மதிப்பெண் பட்டியலில் வெறும் இனிஷியல். இந்த நான்கும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி, விளக்கக் கடிதத்தோடு இணைத்தேன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருப்பவர்கள், கனடா விண்ணப்பத்தில் தங்கள் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதிவிட்டு மற்றதைக் காலியாக விட வேண்டும். தேர்வுக்குப் பதியும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்துப் போடுங்கள்.

படிப்பை மதிப்பிடும் அறிக்கைக்கும் முன்னதாகவே விண்ணப்பியுங்கள். மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே உறையில் போட்டு முத்திரையிட்டு அனுப்ப வேண்டியிருக்கும், அதற்கு நாமே சென்னை போய் அலைய வேண்டிவரும். அறிக்கை ஐந்து வருடம் செல்லும், ஐ.இ.எல்.டி.எஸ். இரண்டு வருடம், எக்ஸ்பிரஸ் என்ட்ரி பதிவு ஒரு வருடம்.

அழைப்பு வந்தபின் 60 நாள். அதற்குள் போலீஸ் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை, வங்கிக் கடிதம் எல்லாம் வேண்டும். நீலகிரிக்காரர்களுக்கு பாஸ்போர்ட் அலுவலகம் கோயம்புத்தூர், லோக்கல் ஸ்டேஷனிலிருந்து விசாரணைக்கு வருவார்கள். சவுதியிலோ துபாயிலோ கடந்த பத்து வருடத்தில் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அந்த நாட்டின் சான்றிதழும் வேண்டும். அதற்கு 60 நாள் போதாமல் போகலாம், முதலிலேயே ஏற்பாடு செய்யுங்கள்.

பணம். எங்களைப் போல மூன்று பேர் குடும்பத்துக்கு அப்போது 21,055 கனடா டாலர் காட்ட வேண்டியிருந்தது, நம் கணக்கில் ஏறக்குறைய 13 லட்சம். இந்த எண்ணை ஆண்டுதோறும் மாற்றுகிறார்கள், உங்கள் வருடத்து எண்ணைப் பாருங்கள். மாமனார் பேரிலோ நம் பேரிலோ இருக்கும் தேயிலைத் தோட்டத்தைக் காட்ட முடியாது, கையில் எடுக்கக்கூடிய பணமாக இருக்க வேண்டும். நகையை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ கணக்கில் போட்டுக் காட்டக் கூடாது. கடன் வாங்கிய பணம் செல்லாது என்று விதியே சொல்கிறது. வங்கி ஆறு மாத சராசரி இருப்பையும் எழுதித் தர வேண்டும், திடீரென்று ஏறிய தொகைக்கு விளக்கம் கேட்பார்கள். நாங்கள் எங்கள் குடும்பத் தேயிலை நிலத்தில் ஒரு பகுதியை விற்ற பத்திரத்தை இணைத்தோம். பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாத காலத்தில் நிலம் விற்றது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, குறிப்பாக மாமியாருக்கு.

கூடப் பிறந்தவர்கள் கனடாவில் இருந்தால் சி.ஆர்.எஸ்.ஸில் 15 உண்டு. டொராண்டோவில் இருக்கும் சித்தப்பா மகனுக்கு, மாமா மகளுக்குக் கிடையாது. இதைச் சொல்லி நிறையப் பேரை ஏமாற்றமடைய வைத்திருக்கிறேன், வேறு வழியில்லை. மாகாண நாமினேஷன் (ஒரு மாகாண அரசின் பரிந்துரை) கிடைத்தால் 600, அது கிடைத்தால் மற்ற எல்லாக் கவலையும் தீர்ந்தது. பிரெஞ்சு நான்கு பிரிவிலும் 7ஆம் நிலைக்கு வந்து ஆங்கிலமும் ஓரளவு இருந்தால் 50 கூடுதல், அதோடு அந்தத் தனிப் பிரிவிலும் வரலாம். இருபது வயதில் இருக்கும் நர்சிங் மாணவிகள் யாராவது இதைப் படித்தால், அதைத் தீவிரமாக யோசிக்கச் சொல்வேன். உங்களிடம் காலம் இருக்கிறது.

பி.ஆர். வந்ததும் நர்ஸாக வேலை செய்துவிட முடியாது. லைசென்ஸ் ஒவ்வொரு மாகாணத்திலும் தனி அமைப்பு தருவது, என்கிளெக்ஸ் தேர்வும் எழுத வேண்டும். குடியேற்றத் துறை உங்கள் படிப்புக்கு மதிப்பெண் கொடுத்ததால் அந்த அமைப்பும் ஏற்றுக்கொள்ளும் என்று அர்த்தமில்லை. இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் தொடங்கியவர்கள்தான் சீக்கிரம் வார்டுக்குத் திரும்புகிறார்கள்.

கடைசியாக, இப்போது நம் ஊர்ப் பக்கம் அதிகம் நடப்பது. "கனடா கம்பெனியிலிருந்து வேலைக் கடிதம் வாங்கித் தர்றோம், மதிப்பெண் ஏறும்" என்று லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். வேலைக் கடிதத்துக்கு முன்பு 50 அல்லது 200 கொடுத்தது உண்மை. 2025 மார்ச் 25இலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். இன்று அந்தக் கடிதத்துக்கு சி.ஆர்.எஸ்.ஸில் ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. கடிதம் பொய் என்று தெரிந்தால் ஐந்து வருடத்துக்கு விண்ணப்பிக்கவே தடை, அந்த ஐந்து வருடத்தில் வயதுக்கான மதிப்பெண்ணும் போய்விடும். பணம் கேட்டு யாராவது வந்தால், இந்தத் தேதியைச் சொல்லிக் கேளுங்கள்.